குறையுள்ள நாயகனோடு குடித்தனம்: சரித்திரக் காதல் நாவல்களை வாசிக்க ஒரு வழிகாட்டி

"இவன் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது" என்று சொல்லி, எங்கள் வாசிப்பு வட்டத்து அக்கா ஒருவர் புத்தகத்தை மேசையில் போட்டார். பால் சேர்க்காத தேநீரான தே-ஓ இருந்த குவளை ஆடி, கொஞ்சம் சிந்தியது. இரண்டு நிமிடம் அமைதி. அப்புறம் அவரே கேட்டார்: "சரி, ரெண்டாம் பாகம் யார்கிட்ட இருக்கு?"

சிங்கப்பூரில், தேக்கா பக்கத்துக் கோப்பிக்கடை ஒன்றில் மாதம் ஒருமுறை நாங்கள் ஆறு பேர் கூடுகிறோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்லது போய் ஓய்வு பெற்றவர்கள். பெரும்பாலான வாசிப்பு ரயிலில்தான் நடக்கிறது. சரித்திரக் காதல் நாவல்களாக எடுத்து வாசித்தபோது ஒன்று புரிந்தது: நல்லவனாகவே பிறந்து நல்லவனாகவே முடிகிற நாயகனை யாரும் அடுத்த மாதம் நினைவு வைத்திருப்பதில்லை. பொய் சொன்னவன், சந்தேகப்பட்டவன், ஆணவத்தால் கெட்டவள், இவர்களைப் பற்றித்தான் கடை மூடும்வரை பேசுகிறோம்.

ஏன் என்று யோசித்து யோசித்து, நான் வந்து சேர்ந்த இடம் இது. குறை நம்மை இழுப்பதில்லை. அந்தக் குறைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான் இழுக்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, வாசித்து, நாலு பேரோடு பேசி முடிப்பது எப்படி என்பதுதான் கீழே உள்ளது.

முதல் படி: பொய்க் குறையை ஒதுக்குங்கள்

நூலக அலமாரியில் நின்றபடியே செய்யக்கூடிய வேலை இது. பின்னட்டையில் 'முரட்டு வீரன்', 'மர்மம் நிறைந்த பிரபு', 'அடங்காத இளவரசி' என்றெல்லாம் இருக்கும். நம்பாதீர்கள். முதல் இரண்டு அத்தியாயங்களைப் புரட்டி, நாயகன் ஏதாவது ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்கிறானா என்று மட்டும் பாருங்கள். மற்றவர்கள் அவனைக் கோபக்காரன் என்று சொல்லிக்கொண்டே இருக்க, அவனோ வேலைக்காரனிடம்கூடக் குரலை உயர்த்தவில்லை என்றால், அது ஆசிரியர் ஒட்டிவைத்த லேபிள்.

முகத்துத் தழும்பு குறையில்லை. ஏழ்மை குறையில்லை. 'எல்லாரையும் எளிதில் நம்பிவிடுவான்' என்பது நேர்முகத் தேர்வில் நாம் சொல்கிற குறை மாதிரி. தன்னைத் தானே தட்டிக்கொடுப்பது. மெய்யான குறை என்றால் அதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூச வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் 'பொன்னியின் செல்வ'னைத்தான் சொல்வேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக எழுதியது. அதன் நாயகன் வந்தியத்தேவனை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் கதை கட்டுகிறான், ஒட்டுக்கேட்கிறான், யோசிக்காமல் குதிக்கிறான். இத்தனையும் அவன் செய்கிறான், யாரோ அவனைப் பற்றிச் சொல்வதில்லை. வாராவாரம் வாசகரை இழுத்து வர வேண்டிய தொடர்கதைக்கு இப்படி ஓர் அவசரக்காரன் கிடைத்தது வரம். நிதானமான நாயகன் ஒரு வாரத்துக்கு ஒரு வம்பில் எப்படி மாட்டுவான்? கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கின்றன. தாள் வேண்டும் என்பவர்களுக்கு நம் பொது நூலகங்களில் தமிழ்ப் பகுதி இருக்கிறது. இரவல் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் நீட்டிக்கலாம். ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் தூக்கி வராதீர்கள். நான் செய்தேன், மூன்றைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் படி: அந்தக் காலத்தில் ஒரு தப்புக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சரித்திரப் பின்னணியை வெறும் பட்டும் குதிரையுமாகப் பார்த்தால் பாதிச் சுவை போய்விடும். இன்றைக்குச் சாதாரணமான ஒரு தவறு, அன்றைக்கு ஒரு பெண்ணின் வாழ்நாளையே விழுங்கியிருக்கும். வாசிக்கத் தொடங்கும் முன் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள். சொத்து யார் பெயரில் இருக்கும்? திருமணத்தை முறிக்க முடியுமா? கடிதம் போய்ச் சேர எத்தனை நாள்? வீட்டைவிட்டு வந்தவளுக்குப் போக்கிடம் உண்டா?

ஆங்கில நாவல்களில் பிரபுக்களின் காதல் கதைகள் நிறைய 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தில் நடக்கின்றன. ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே, சிங்கப்பூரில், கால் வைத்த 1819-ம் அதற்குள்தான் வருகிறது. அங்கே ஒருவன் வால்ட்ஸ் நடனம் ஆடிக்கொண்டிருந்த அதே நாளில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைகளில் சூதாடியையோ பெண்பித்தனையோ கட்டிக்கொள்ளப் பெண் தயங்குவதற்கு அர்த்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1857-க்கு முன் முழுமையான மணமுறிவு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். அந்த ஆண்டு வந்த சட்டமும், கணவன் இன்னொருத்தியிடம் போனான் என்பது மட்டும் போதாது, அதற்கு மேலும் ஏதாவது கொடுமை செய்தான் என்று மனைவி நிரூபிக்க வேண்டும் என்றது. திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை முழுதாக வந்தது 1882-ல். ஆக, 'அவன் திருந்திவிடுவான்' என்று அவள் நம்புவது பெரிய பந்தயம். இது தெரிந்தால் அந்தத் தயக்கத்தின் எடை உங்கள் கையில் உட்காரும்.

நம் ஊருக்கே வருவோம். 1950-களில் நடக்கிற ஒரு கதை, நாயகன் ஊரில் ஒருத்தியைக் கட்டிவிட்டு இங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அது வழக்கு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது 1961-ல். அதற்கு முன்பு அந்த நாயகன் குற்றவாளியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோழையாக இருந்தாலே போதும். குற்றவாளியைவிடக் கோழையைப் பற்றி எழுதுவது கடினம், வாசிப்பது சுவாரசியம்.

கடிதத்தையும் மறக்காதீர்கள். 1870-களின் தொடக்கத்தில் கடலடித் தந்தி சிங்கப்பூரை எட்டும்வரை, கடல் கடந்து போனவனைப் பற்றிய செய்தி கப்பல் வந்தால்தான் உண்டு. ஒரு பொய் உடைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். 'ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்' என்று எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவர் அடிக்கடி சலித்துக்கொள்வார். அண்ணே, அதனால்தானே அது சரித்திர நாவல்!

மூன்றாம் படி: குறைகளைக் கலக்காமல் பிரியுங்கள்

சுபாவத்தில் இருக்கும் குறை ஒன்று: அவசரம், சந்தேகம், ஆணவம். செய்த செயல் இன்னொன்று: துரோகம், பொய், கைவிடுதல். மூன்றாவது, அந்தக் காலத்தில் எல்லாரிடமும் இருந்தது: அடிமை வைத்திருப்பது, பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவது. இந்த மூன்றாவதை நாயகனின் தனிக்குறை என்று எண்ணித் திட்டுவதும் தப்பு, 'காலம் அப்படி' என்று சொல்லி மூடுவதும் தப்பு. அதே காலத்தில் வாழ்ந்த வேறு யாராவது அதைத் தவறு என்று உணர்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஒரு பார்வைகூடப் போதும். அந்தப் பார்வையே இல்லாத நாவலில் ஆசிரியரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

நான்காம் படி: கணக்கு எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு சின்ன நோட்டு எடுங்கள், கைப்பேசியிலும் எழுதலாம். ஒரு பக்கம், நாயகன் அல்லது நாயகி செய்த தவறு. எதிர்ப்பக்கம், அதற்கு விலை கொடுத்தவர். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் பேரேடு எழுதினார்களே, அதுபோல ஒன்றும் விடாமல் எழுதுங்கள். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

'பொன்னியின் செல்வ'னில் வரும் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனை வைத்துப் பார்ப்போம். கல்கியின் கதையில் அவன் காயம்பட்டுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனை, தான் காதலித்த நந்தினி கெஞ்சியும் கேளாமல் வெட்டுகிறான். ஒரு வரி. எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது? நந்தினியின் மிச்ச வாழ்க்கை முழுக்கப் பழியாகிறது. அவனுடைய தூக்கம் போகிறது. கடைசியில் உயிரும் போகிறது. சோழ அரியணை யாருக்கு என்பதே குழம்புகிறது. ஒரே பற்று, நாலு பக்கம் வரவு. வாசகர் அவனை வெறுக்க முடியாமல் தவிப்பதன் காரணம் அந்த நோட்டில் தெரியும்: அவனும் கட்டிக்கொண்டிருக்கிறான், வட்டியோடு.

இதற்கு நேர்மாறான நாவல்களையும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நாயகன் மூன்று அத்தியாயம் ஆட்டம் போடுவான். விலையெல்லாம் நாயகி கட்டுவாள். கடைசியில் அவன் ஒரு மன்னிப்புக் கேட்பான், பூப்போலக் கணக்கு முடிந்துவிடும். நோட்டில் பார்த்தால் அவன் பக்கம் ஒரு காசு விழுந்திருக்காது. படித்து முடித்தபின் ஏதோ உறுத்துகிறதே, எழுத்து நன்றாகத்தானே இருந்தது என்று தோன்றும் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

குறையுள்ள நாயகன் நமக்கு மேற்கிலிருந்து இறக்குமதியானவன் என்று நினைப்பவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறக்க வேண்டும். நம் முதல் பெருங்காப்பியத்தின் நாயகன் கோவலனைவிடக் குறையுள்ளவன் யார்? மனைவி கண்ணகியை விட்டுவிட்டு ஆடல்மகள் மாதவியிடம் போனான், செல்வத்தைக் கரைத்தான், அப்புறம் மாதவியையும் விட்டான். கொலைக்களக் காதையில் ஓர் இடம் வரும். மதுரை ஆயர்பாடியில், மாதரியின் அடைக்கலத்தில், கண்ணகி தன் கையால் சமைத்துப் போட்டிருக்கிறாள். சாப்பிட்டு முடித்த கோவலன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: கெட்ட சகவாசம் வைத்தேன், பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன், நான் கிளம்பு என்றதும் நீ எழுந்து வந்தாயே, என்ன பெண் நீ என்று.

அவள் அழவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. நீங்கள் நடந்துகொண்டது உயர்ந்தோர் ஏற்காத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதையும் சொல்லிவிட்டு, மாறாத மனம் எனக்கு, அதனால் எழுந்தேன் என்கிறாள். பிறகு அவன் ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். மீதி உங்களுக்குத் தெரியும்.

நோட்டை எடுத்துப் பாருங்கள். அவன் திருந்திவிட்டான், உண்மையாகவே. ஆனால் கடன் பழையது, திருந்தியவன் தலைமேல் வந்து விழுகிறது, அதுவும் அவன் செய்யாத ஒரு திருட்டின் பெயரில். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்தக் காட்சியைச் சத்தமாக வாசித்தபோது, பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் வேலை செய்கிறது.

ஐந்தாம் படி: வாசலில் யாராவது நிற்கிறார்களா?

சங்க அகப்பாடல்களில் மருதத் திணைக்கு உரிய பொருள் ஊடல். தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வருவான். பாணனைத் தூது அனுப்புவான். வாசலில் தோழி நிற்பாள், உள்ளே விடமாட்டாள். இதற்கு வாயில் மறுத்தல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

நாயகன் மன்னிப்புக் கேட்டு வரும் கட்டத்தில், உங்கள் நாவலில் இந்தத் தோழி இருக்கிறாளா என்று தேடுங்கள். தோழியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் அத்தை, ஒரு வயதான சமையல்காரர், சில சமயம் நாயகியின் பிடிவாதமே. 'அவ்வளவு எளிதாக விடமுடியாது' என்று கதைக்குள் யாரோ ஒருவர் சொன்னால்தான், வாசகரின் கோபத்துக்கும் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. கோபத்தை அவர் சுமந்துகொள்வதால் நாம் மெல்ல இளகுகிறோம். தோழியே 'போனால் போகட்டும்டி, ஆம்பளைதானே' என்று பாணன் வேலை பார்த்தால், அந்தச் சமரசம் செல்லாது.

ஆறாம் படி: இடம் மாற்றிப் பாருங்கள்

நாயகன் செய்ததை நாயகி செய்திருந்தால் மன்னித்திருப்பீர்களா? எங்கள் வட்டத்தில் பெண்கள் நாலு பேர். அப்படியிருந்தும், பொய் சொல்லும் நாயகன் 'குறும்புக்காரன்' ஆனான், பொய் சொல்லும் நாயகி 'திமிர் பிடிச்சவ' ஆனாள். நானும் அப்படித்தான் சொன்னேன், மறைப்பானேன்.

இதற்கும் பாடம் சிலம்பிலேயே இருக்கிறது. கானல்வரியில், கடற்கரையில், கோவலன் யாழை வாங்கி, மனம் வேறொருத்தியிடம் இருப்பதுபோலப் பாடுகிறான். மாதவி யாழை வாங்கி, அவளும் வேறொருவனை நினைப்பதுபோலப் பாடுகிறாள். அவன் பாடலாம். அவள் பாடியதும் சந்தேகம் வந்து எழுந்து போய்விடுகிறான். இருவரும் செய்தது ஒன்றுதான். இளங்கோ எதையும் விளக்கவில்லை, இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

ஏழாம் படி: மூடிவைக்கத் தயங்காதீர்கள்

குறை வேறு, கொடுமை வேறு. 1970-களில் வந்த ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல்கள் பலவற்றில் நாயகன் நாயகியைப் பலவந்தம் செய்வான், அதையே காதலின் தொடக்கமாக ஆசிரியர் எழுதியிருப்பார். தமிழிலும் வாளைக் காட்டிப் பெண்ணைத் தூக்கி வருவதை வீரமாக எழுதிய பக்கங்கள் உண்டு. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், தெளிவிழந்து எல்லை மீறும் காமத்தையெல்லாம் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. இலக்கணமே வெளியே நிறுத்தியதை நாம் ஏன் உள்ளே அழைக்க வேண்டும்? பெருந்திணையைப் பெருந்திணை என்று தெரிந்து எழுதிய நாவல் வேறு. அதை வாசிக்கலாம், பயமாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். அதற்கு ஐந்திணை வேடம் கட்டிய புத்தகத்தை நூறு பக்கம் படித்துவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

எட்டாம் படி: கூடிப் பேசுங்கள்

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும். முதல் கூட்டத்தில் நான் 'உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது?' என்று தொடங்கினேன். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், பத்து நிமிடத்தில் பேச்சு ரத்தமில்லாமல் செத்தது. மிச்ச நேரம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு விலை பற்றிப் பேசினோம். இப்போது வேறு மாதிரி தொடங்குகிறோம். ஒவ்வொருவரும் தங்கள் கணக்கு நோட்டிலிருந்து ஒரே ஒரு வரியை வாசிக்க வேண்டும்: யார் செய்தது, யார் கட்டியது. ஒரே தவறுக்கு இரண்டு பேர் வேறு வேறு ஆளை எழுதியிருப்பார்கள். சண்டை தானாக வரும்.

நாயகன் திருந்தியது எந்தப் பக்கத்தில் என்று கேட்பதும் நல்ல வழி. பக்க எண் சொல்ல முடியாவிட்டால், அவன் திருந்தவில்லை, புத்தகம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

விருப்பமிருந்தால்: நம் ஊரில் ஒரு நாயகனைத் தேடுங்கள்

இதைக் கட்டாயமாக வைக்கவில்லை. ஆனால் இங்கேயும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! 1825-லிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். சாலை போட்டார்கள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். நன்னடத்தை காட்டியவர்கள் சக கைதிகளுக்கே காவலர்கள் ஆனார்கள். அனுமதிச் சீட்டு பெற்றவர்கள் வெளியே உழைத்துச் சம்பாதிக்கலாம், திருமணமும் செய்துகொள்ளலாம். தண்டனையும் அதிகாரமும் ஒரே ஆளிடம்! அவன் என்ன குற்றம் செய்தான், அதை அவளிடம் எப்போது சொன்னான்? சுபாஷ் சந்திர போஸ் 1943-ல் இங்கே ராணி ஜான்சிப் படை என்ற பெண்கள் படையை அமைத்தபோது ரப்பர் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி, நாட்டுக்காக என்று சொல்லிவிட்டு, உண்மையில் ஒரு திருமணத்திலிருந்து தப்பிக்கச் சேர்ந்திருந்தால்? தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய 'தமிழ் முரசு' இதழ்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் உட்கார்ந்து விளம்பரங்களையும் சின்னச் செய்திகளையும் மட்டும் வாசியுங்கள். இருபது வரி எழுதுங்கள். முதல் வரியிலேயே அவன் ஒரு பொய் சொல்லட்டும்.

எங்கள் அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார். கைதிக் காவலன் ஒருவன், பால்காரப் பெண் ஒருத்தி. போன மாதம் மூன்று பக்கம் வாசித்துக் காட்டினார். அவன் முழுப் பொய்யன். "இவனை என்ன பண்றதுன்னே தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டே, இன்னொரு தே-ஓ சொன்னார்.